மகனின் ஸ்டேட்மென்ட் திட்டமாக மாறிய ஆண்டு

எங்கள் ஊரில் ஸ்டேட்மென்ட் என்றால் பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலம். அகதியாக இங்கிலாந்துக்கு வந்து, சட்டத்தரணியின் அறையில் தன் கதையைப் பலமுறை சொல்லிக் கையொப்பமிட்ட என் கணவருக்கு அந்தச் சொல்லின்மேல் நல்ல நினைவு எதுவும் இருந்ததில்லை. ஆகையால் 2012 இல், மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது, விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலையில் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர், இங்கே எல்லோரும் சென்கோ என்று அழைப்பவர், எங்களைக் கூப்பிட்டு "இவனுக்கு ஸ்டேட்மென்ட் எடுக்க வேண்டும்" என்று சொன்னதும், பிள்ளை யாரையோ அடித்துவிட்டான், விசாரணை நடக்கப் போகிறது என்றே கணவர் நினைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநேரம் அவர் பேசவில்லை.

அது விசாரணை அல்ல, பிள்ளைக்கான உரிமைப் பத்திரம் என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்குச் சில மாதங்கள் பிடித்தன. மேரி வார்னொக் தலைமையிலான குழு 1978 இல் கொடுத்த அறிக்கையின் வழியாக வந்த 1981 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்தான் இந்த ஸ்டேட்மென்ட் முறையைக் கொண்டுவந்தது. பிள்ளையின் தேவைகள் இரண்டாம் பகுதியிலும், அவற்றுக்குக் கொடுக்கப்படும் உதவி மூன்றாம் பகுதியிலும், பாடசாலையின் பெயர் நான்காம் பகுதியிலும் இருக்கும். ஓட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு 2013 இல் கிடைத்த ஸ்டேட்மென்ட், கிழமைக்கு 25 மணித்தியாலம் ஓர் உதவியாளர் அவனுடன் இருக்க வேண்டும் என்று சொன்னது. பேச்சுச் சிகிச்சை கடைசிப் பகுதிகளில், கல்வி சாராத உதவி என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அந்தப் பகுதிகளில் இருப்பதை நிறைவேற்றும் கட்டாயம் உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டும் காணி உறுதியும் இருக்கும் பெட்டிக்குள் அதையும் வைத்துப் பூட்டிவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மீளாய்வுக் கூட்டத்துக்குப் போய், நன்றி சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தோம்.

2017 ஒக்டோபரில் கவுன்சிலிலிருந்து வந்த கடிதம் அந்தப் பெட்டியைத் திறக்க வைத்தது. பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் 2014 இன்படி ஸ்டேட்மென்ட் முறை முடிவுக்கு வருகிறது, அதன் இடத்தில் கல்வி, சுகாதாரம், சமூகப் பராமரிப்பு மூன்றையும் சேர்த்த ஈ.எச்.சி. திட்டம் வரும், உங்கள் மகனின் மாற்றம் இப்போது தொடங்குகிறது என்று அதில் இருந்தது. புதிய சட்டம் 2014 செப்டெம்பர் முதலாம் தேதியே நடைமுறைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து முழுவதிலும் ஸ்டேட்மென்ட் வைத்திருந்த பிள்ளைகளைப் புதிய திட்டத்துக்கு மாற்றி முடிக்க 2018 மார்ச் 31 வரை கவுன்சில்களுக்கு அவகாசம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் அந்த வரிசையின் வாலில் நின்றவர்கள். அறிவித்தல் கொடுக்கும் இரண்டு கிழமையும் அதன் பிறகு 18 கிழமையுமாக மொத்தம் 20 கிழமைக்குள் எங்கள் வேலை முடிய வேண்டும். வாலில் நின்றவர்களின் கடதாசிகள் எவ்வளவு அவசரத்தில் தயாரிக்கப்பட்டன என்பதைப் பின்னர் கண்டோம்.

கடிதத்துடன் ஒரு படிவமும் இருந்தது. 2013 இல் எடுத்த அறிக்கைகளே போதுமானவை என்று ஒப்புக்கொள்ளும் பெட்டியில் புள்ளடி இட்டுக் கையொப்பமிட்டு அனுப்பினால், புதிதாக யாரும் வந்து பிள்ளையைப் பார்க்கத் தேவையில்லை. அரசாங்க உத்தியோகத்தர் நீட்டும் கடதாசியில் கேள்வி கேட்காமல் கையொப்பமிடுவதே மரியாதை என்று வளர்ந்தவள் நான், பேனாவை எடுத்தும்விட்டேன். ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை வாசலில் நான் சந்திக்கும் ஒரு தாய், முந்திய ஆண்டே தன் மகளை மாற்றி முடித்தவர், "அக்கா, ஐந்து வயதுச் சட்டையை ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போட்டு அனுப்பாதேங்கோ" என்றார். ஸ்டேட்மென்டைப் பார்த்துப் புதிய தாளில் எழுதுவது மாற்றம் ஆகாது, பிள்ளையின் தேவைகளைப் புதிதாக மதிப்பிட்டே திட்டம் எழுத வேண்டும், பழைய அறிக்கையைப் பயன்படுத்துவதென்றால் பெற்றோர், கவுன்சில், அறிக்கை எழுதிய நிபுணர் ஆகிய மூவரும் சம்மதிக்க வேண்டும் என்பதை அவர்தான் விளக்கினார். பெற்றோருக்கு இலவசமாக ஆலோசனை சொல்லும் சேவை ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் இருக்கிறது என்பதும், இப்சியா என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களை வெளியிடுகிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். நான் சம்மதிக்கவில்லை. என் வாழ்க்கையில் ஓர் அலுவலகத்துக்கு எழுதிய முதல் மறுப்புக் கடிதம் அது.

அந்த மறுப்பினால் நடந்த ஒரு காரியத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மகனுக்கு இரண்டரை வயதாக இருந்தபோது, பேச்சு வரவில்லை என்று போன இடத்தில், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி இவனைக் குழப்பும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அன்று முதல் என் உடைந்த ஆங்கிலத்தில் மகனைக் கொஞ்சினேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்கைப்பில் வரும் அம்மம்மாவிடம் அவனைக் காட்டுவதைக் குறைத்தேன். ஆனால் நானும் கணவரும் எங்களுக்குள் தமிழில்தான் பேசினோம், சண்டையிட்டதும் தமிழில்தான். பிள்ளை மூலையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். புதிய மதிப்பீட்டுக்காக வந்த பேச்சுச் சிகிச்சையாளர் முதலில் கேட்ட கேள்வியே, வீட்டில் அவன் என்னென்ன சொல்லுவான், எந்த மொழியில் சொல்லுவான் என்பதுதான். நான் வெட்கத்தோடு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போல, "தா, போவம், வேண்டாம்" என்ற மூன்று சொற்களைச் சொன்னேன். அவர் வேண்டாம் என்பதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். பிறகு பாடசாலை கொடுத்திருந்த குறிப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். மறுப்பைச் சொல்லால் தெரிவிக்க அவனுக்குத் தெரியாது, பதற்றப்படும்போது ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்புவான், அதன்பின் தரையில் விழுந்து அழுவான் என்று அதில் எழுதியிருந்தது.

நான்கு ஆண்டுகளாக என் மகன் வகுப்பறையில் வேண்டாம், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அது ஒரு சொல் என்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நானும் அவர்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்பதையே மறைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிகிச்சையாளர், எந்த மொழியில் மனம் திறந்து பேசுவீர்களோ அந்த மொழியிலேயே பிள்ளையோடு பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அம்மாவுக்கு அழைப்பெடுத்து, மகனைத் திரைக்கு முன்னால் இருத்தினேன்.

மறைப்பது என்று வந்துவிட்டபடியால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். புதிய திட்டம் ஏ முதல் கே வரையான பிரிவுகளைக் கொண்டது. ஏ பிரிவு முழுவதும் பிள்ளையும் பெற்றோரும் தங்கள் வாயால் சொல்வதற்கானது. அதை நிரப்புவதற்கான கூட்டத்தில், வீட்டில் எப்படி என்று கேட்டபோது என் கணவர், "வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை, நல்ல பிள்ளை, தானே உடுத்துவான், தானே சாப்பிடுவான்" என்றார். உண்மையில் ஒன்பது வயதிலும் காலையில் அவனுக்குக் காற்சட்டை போட்டுவிட்டது நான்தான். அவன் சாப்பிட்டது நான்கே வகை உணவு. இரவில் மூன்று மணிக்கு எழுந்து அவன் குசினிக்குள் நடக்க, முறை வைத்து நாங்கள் விழித்திருந்தோம். கணவர் பொய் சொல்லும் மனிதர் அல்ல. வெளியாருக்கு முன்னால் பிள்ளையின் குறையைச் சொல்வது பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாகும் என்பது அவர் மனதில் ஊறியது, என் மனதிலும் ஊறியது. கொண்டாட்ட மண்டபங்களில் உறவினர்கள் கேட்டால் "கொஞ்சம் பிந்திக் கதைப்பான்" என்று சிரித்துவிட்டு நகர்ந்தவர்கள் நாங்கள். கண்பட்டுவிடும் என்று பிள்ளையைப் புகழாமல் இருக்கும் வழக்கம் நமக்கு உண்டு, ஆனால் பரிதாபத்துக்கு நாம் அஞ்சுவது அதைவிட அதிகம். அன்றிரவு கணவரிடம், நீங்கள் சொன்னதை அவர்கள் அப்படியே எழுதினால் உதவி தேவையில்லாத பிள்ளை என்று ஆகிவிடும் என்றேன். நெடுநேரம் கழித்து, "அப்படியென்றால் எல்லாவற்றையும் நீ எழுது, எனக்கு வாசித்துக் காட்டாதே" என்றார். மூன்று இரவுகள் இருந்து, காலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரை நடப்பதை எழுதினேன். கடைசியில் அவர் அதை எடுத்து வாசித்துவிட்டு, நான் விட்டிருந்த இரண்டு விடயங்களைத் தன் கையால் சேர்த்தார்.

ஒரு மொழிபெயர்ப்பாளரும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார். ஈ பிரிவில் வரும், பிள்ளை எட்ட வேண்டிய பயனை அவர் முடிவு என்று மொழிபெயர்த்ததால், முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள், எங்களை ஒப்புக்கு அழைத்திருக்கிறார்கள் என்று கணவர் அரைவாசி நேரம் கோபமாக இருந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

ஜனவரியில் வரைவு வந்தது. எங்களுடைய கருத்தைச் சொல்ல 15 நாள் அவகாசம். பார்வைக்கு அது ஸ்டேட்மென்டைவிட மிக அழகாக இருந்தது. முன்பக்கத்தில் மகனின் படம், நிறம் தீட்டிய பெட்டிகள், தேங்காய் துருவும் சத்தத்தைக் கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவருவான் என்று நான் எழுதியதுகூட ஏ பிரிவில் இருந்தது. ஆனால் பெறவேண்டிய உதவியைச் சொல்லும் எஃப் பிரிவில் 25 மணித்தியாலம் என்ற எண்ணைக் காணவில்லை. அதன் இடத்தில், பெரியவர் ஒருவரின் உதவியைத் தேவைக்கேற்பப் பெறும் வாய்ப்பு அவனுக்கு இருக்கும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. வாசிக்க இதமான வாக்கியம். வாய்ப்பு என்ற சொல்லுக்குள் எத்தனை நிமிடம் இருக்கிறது, தேவையை அளப்பவர் யார் என்று மட்டும் அது சொல்லவில்லை. பேச்சுச் சிகிச்சை ஜி பிரிவில், சுகாதார உதவியாக வைக்கப்பட்டிருந்தது.

இது எழுத்துப் பிழை பார்ப்பதைப் போன்ற சின்ன விடயம் அல்ல. எஃப் பிரிவில் எழுதப்பட்டதை நிறைவேற்றும் கடமையைச் சட்டத்தின் 42 ஆவது பிரிவு நேரடியாகக் கவுன்சிலின் தலையில் வைக்கிறது, பணம் இல்லை என்று அதிலிருந்து விலக முடியாது. பிள்ளைக்குக் கற்பிக்கின்ற அல்லது பயிற்சி கொடுக்கின்ற சுகாதார உதவியைக் கல்வி உதவியாகவே கருத வேண்டும் என்று அதே சட்டத்தின் 21 ஆவது பிரிவு சொல்கிறது. பேசக் கற்றுக்கொடுப்பது கல்வி இல்லையென்றால் வேறு எதுதான் கல்வி? ஆகவே சிகிச்சை எஃப் பிரிவுக்கு வர வேண்டும், அதுவும் எத்தனை நிமிடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் கொடுப்பது என்ற விபரத்தோடு வர வேண்டும். உயர்தரத்தில் தமிழ் படித்தவள் நான். செய்யுளில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக உரை எழுதிய பழக்கம் அந்தப் 15 நாளில் கைகொடுத்தது. அகராதியை அருகில் வைத்துக்கொண்டு, கூடும், முடியும், தேவைக்கேற்ப, வழக்கமாக என்ற சொற்கள் வந்த ஒவ்வோர் இடத்திலும் சிவப்புப் பேனாவால் கோடிட்டேன். அவற்றுக்குப் பதிலாக எண்களைக் கேட்டு, நிபுணர்களின் அறிக்கையில் அந்த எண் இருந்த பக்கத்தையும் குறிப்பிட்டு, பதின்மூன்றாம் நாள் அனுப்பினேன்.

மூன்று கிழமை பிந்தி மார்ச்சில் வந்த இறுதித் திட்டத்தில் 25 மணித்தியாலம் திரும்பி வந்திருந்தது. பி பிரிவில், மறுப்பைத் தெரிவிக்க "வேண்டாம்" என்ற தமிழ்ச் சொல்லை அவன் பயன்படுத்துகிறான் என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. அந்தச் சொற்களைப் பணியாளர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று எஃப் பிரிவிலும் இருந்தது. சிகிச்சையையும் எஃப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள், ஆனால் எவ்வளவு என்ற இடத்தில் பழைய "தேவைக்கேற்ப" அப்படியே இருந்தது. இறுதித் திட்டத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போக இரண்டு மாதம் அவகாசம் உண்டு, அதற்கு முன் மத்தியஸ்தம் பற்றிக் கேட்டறிய வேண்டும். ஊரில் வேலிச் சண்டைக்கு மத்தியஸ்த சபைக்குப் போன என் அப்பாவின் நினைவு வந்தது. மே மாதத்தில் ஒரு சிறிய அறையில் இரண்டு மணித்தியாலம் இருந்து பேசினோம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை 45 நிமிடம் சிகிச்சையாளர் நேரடியாகவும், நாள்தோறும் 20 நிமிடம் உதவியாளர் அவர் வகுத்த பயிற்சிப்படியும் என்று எழுதப்பட்டது. எதிர்ப்பக்கத்தில் இருந்த உத்தியோகத்தர் களைத்துப்போயிருந்தார், தன் மேசையில் இன்னும் எத்தனையோ கோப்புகள் என்றார். நான் அதை நம்பினேன், ஆனாலும் எண்ணை எழுதாமல் எழுந்திருக்கவில்லை.

ஸ்டேட்மென்டைப் போல் பாடசாலையோடு நின்றுவிடாமல், தேவை தொடர்ந்தால் 25 வயது வரை இந்தத் திட்டம் நீளக்கூடும். இப்போது அவன் கல்லூரியில் படிக்கிறான். கட்டாயக் கல்வி வயதைக் கடந்ததும் திட்டத்தின் மீதான உரிமைகள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்விடுகின்றன, முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாத விடயங்களில்தான் பெற்றோர் அவன் சார்பில் நிற்கலாம். அதனால் 2024 இலையுதிர் காலத்தில் வந்த மீளாய்வுக் கடிதம் முதல் தடவையாக அவனுடைய பெயருக்கே வந்தது. முறைப்படி அவனிடமே கொடுத்தேன். உறையின் சன்னலில் தெரிந்த தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தான், உறையைப் புரட்டினான், "வேண்டாம்" என்று சொல்லி என்னிடம் திருப்பித் தந்துவிட்டுக் குசினிக்குள் போனான்.