சமோவாவில் கடிகாரத்துக்கு வேலை குறைவு

ஜூலை 7, 2023, வெள்ளி, ஆப்பியா

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர், விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பசிபிக் கடலில் இருக்கும் சமோவாவின் மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம்தான். உப்போலு, சவாயி என்று இரண்டு பெரிய தீவுகள். தலைநகர் ஆப்பியா உப்போலுவில். நண்பரின் வீடு சவாயியில்.

காலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகள் அப்படியே நின்றன. பேண்டு வாத்தியம் முன்னே போக, இடுப்பில் லாவாலாவா (நம் வேட்டி மாதிரி) கட்டிய போலீஸ்காரர்கள் கொடியேற்ற அணிவகுத்துப் போனார்கள். வேலை நாட்களில் வழக்கமாக நடப்பதுதானாம். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

படகுத்துறைக்கு பஸ். மரத்தாலான பாடி, கண்ணைப் பறிக்கும் நிறங்கள், காதைப் பிளக்கும் பாட்டு. எப்போது கிளம்பும் என்று கேட்டேன். "ஆள் சேர்ந்ததும்" என்றார் நண்பர். சேர்ந்த பிறகும் சந்தையை இன்னொரு சுற்று சுற்றிவிட்டு, டீசல் போட நின்றது. இருக்கைகள் நிறைந்துவிட்டால் அடுத்து ஏறுகிறவர் யார் மடியிலாவது உட்கார்ந்துகொள்கிறார். என் மடிக்கு ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்தான். வயதான அம்மா ஒருவர் ஏறியதும், யாரும் சொல்லாமலே முன்வரிசை இளைஞர்கள் எழுந்து பின்னால் போனார்கள். உட்காருவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு, நேரத்துக்குத்தான் கிடையாது.

ஜூலை 8, சனி, சவாயி

படகில் ஒரு மணி நேரம் சொச்சம். வீட்டு முன்னால் ஃபாலே: தூண்களும் கூரையும் மட்டும்தான், சுவரே இல்லை. மழை வந்தால் தென்னோலைத் தட்டியை இறக்கிவிடுவார்கள். வாசலிலேயே தாத்தாவின் கல்லறை. அதன் மேல் உட்கார்ந்து பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள்.

சாயங்காலம் கிலிகிட்டி பார்க்கப் போனோம். பிறப்பால் கிரிக்கெட்தான், ஆனால் ஆளே மாறிவிட்டது. மட்டைக்கு மூன்று பட்டை. ரப்பர் பந்து எந்தப் பட்டையில் பட்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று அடிப்பவருக்கே தெரியாது. பதினொரு பேர் கணக்கும் இல்லை, வந்தவர் எல்லாரும் அணியில் உண்டு. விக்கெட் விழுந்தால் எதிரணி மொத்தமும் கைதட்டி ஒரு ஆட்டம் போடுகிறது. யார் ஜெயித்தார்கள் என்று நான் கேட்டதற்கு இரண்டு விதமான பதில் வந்தது. (சேப்பாக்கத்தில் ஒரு தடவை முயன்று பார்க்கலாம்.)

ஜூலை 9, ஞாயிறு

விடிவதற்கு முன்பே ஊரெங்கும் புகை. 'உமு' மூட்டுகிறார்கள். கற்களைச் செக்கச்செவேலென்று சுடவைத்து, அதன் மேல் சேப்பங்கிழங்கு, ஈரப்பலா, மீன், பன்றிக்கறி எல்லாவற்றையும் அடுக்கி, இலைகளால் மூடிவிடுவார்கள். சமையல் முழுக்கப் பையன்கள் பொறுப்பு. அவர்களில் ஒருவன் உள்ளங்கையில் சேம்பிலைகளைக் குழிவாக அடுக்கி, தேங்காய்ப்பாலும் வெங்காயமும் ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் பொட்டலமாகக் கட்டினான். அதற்குப் பெயர் பாலுசாமி! யாரோ உறவுக்காரர் வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். வெந்ததும் இலையும் பாலும் கலந்து வெண்ணெயாகக் குழைகிறது. கிழங்கோடு சேர்த்துச் சாப்பிட்டால் நிறுத்த முடியாது.

வெள்ளை உடுத்திக்கொண்டு எல்லாரும் தேவாலயம் போய் வந்தார்கள். அப்புறம் சாப்பாடு. பெரியவர்களும் விருந்தாளிகளும் சாப்பிட்டு முடிக்கும்வரை இளையவர்கள் விசிறிக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகு ஊரே தூங்கியது.

ஜூலை 10, திங்கள்

மாலை ஆறு மணிக்கு மேல் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மரத்தில் தொங்கிய காலி கேஸ் சிலிண்டரை யாரோ இரும்பால் அடித்தார்கள். நண்பர் என் கையைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தார். இது 'சா', குடும்ப ஜெபத்துக்கான நேரம். லாவாலாவா கட்டிய இளைஞர்கள் சாலையோரத்தில் காவல் நின்றார்கள். மறுபடி மணி அடிக்கும்வரை தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மீறினால் ஊர்ச்சபை அபராதம் போடும்.

சுற்றுலா விளம்பரங்களில் சமோவாக்காரர் தென்னை மரத்தடியில் படுத்தே கிடப்பார். அது பாதிதான் உண்மை. நிலத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் குடும்பங்களின் பரம்பரைச் சொத்து. தனியாள் விற்க முடியாது. குடும்பத் தலைவரான 'மத்தாய்' அதைப் பார்த்துக்கொள்வார். வீடும் கிழங்கும் உறுதியாக இருக்கும்போது எதற்குப் பறக்க வேண்டும்? அந்த நிம்மதிக்கு விலையாகத்தான் இந்தக் கட்டுப்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலை 11, செவ்வாய்

இவர்கள் நாட்காட்டியையே இரண்டு தடவை திருப்பிப் போட்டவர்கள். 1892-இல் அமெரிக்க வியாபாரத்துக்காகத் தேதிக்கோட்டின் (தாண்டினால் ஒரு நாள் மாறிவிடும் கற்பனைக் கோடு) அந்தப் பக்கம் போனார்கள். அந்த வருடம் ஜூலை 4 இரண்டு நாள் வந்தது. 2011-இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வியாபாரத்துக்காகத் திரும்பி இந்தப் பக்கம் வந்தார்கள். டிசம்பர் 30 என்ற வெள்ளிக்கிழமையே இல்லாமல் போனது. பக்கத்து அமெரிக்கச் சமோவாவுக்கு இங்கிருந்து சின்ன விமானத்தில் கிளம்பினால் நேற்றைய தேதியில் இறங்கலாம்.

ஜூலை 13, வியாழன்

பக்கத்து ஊரில் நண்பரின் பெரியப்பா இறந்துவிட்டார். ஆக்லாந்திலும் பிரிஸ்பேனிலும் இருக்கிற அண்ணன் தம்பிகளுக்கு நேற்று முழுக்க ஃபோன். சாவு என்றால் நுண்ணிய பின்னல் பாய்கள், பணம், பெட்டி பெட்டியாக மீன் டின் எல்லாம் போக வேண்டும். "ஆறு மாதச் சேமிப்பு போச்சு" என்று முணுமுணுத்தார் நண்பர். இது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கழுத்தை நெரிக்கிற பாரம்தான், அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் ஒரு பெட்டியைக்கூடக் குறைக்கவில்லை.

அங்கே நண்பரின் தங்கை நம் மொய் நோட்டு மாதிரியே ஒரு நோட்டில் வரவு எழுதிக்கொண்டிருந்தார். வருகிற ஒவ்வொன்றையும் ஒருவர் முற்றத்தில் நின்று உரக்க அறிவிக்கிறார். நானும் ஒரு பெட்டி கொடுத்தேன். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. "ஆக்லாந்து இந்தியர், மீன், ஒரு பெட்டி!" என்று கூவினார். கூட்டம் தலையாட்டியது. தங்கை எழுதிக்கொண்டார்.