சக்கரம் உள்ளே இருக்கிறது

வர்ஜீனியாவில் மவுண்ட் வெர்னனுக்குப் போகிறவர்கள் ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொடோமாக் நதிக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முதல் தடவை போனபோது நாங்களும் அதைத்தான் செய்தோம். இந்த முறை வீட்டுப் பக்கமே போகாமல், மூன்று மைல் தள்ளி டோக் ரன் ஓடையை ஒட்டி இருக்கும் அவருடைய மாவு மில்லுக்கு நேராக வண்டியை விட்டோம்.

இறங்கியதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கல் கட்டிடம் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, சக்கரத்தைக் காணோம். காலண்டர் படங்களில் வெளிச்சுவரில் பெரிய மரச்சக்கரம் சுற்றுமே, அது இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, சக்கரத்தைக் கட்டிடத்துக்கு உள்ளேயே வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் பனி உறைந்து நின்றுவிடக் கூடாதே.

வாஷிங்டன் முதலில் புகையிலைதான் போட்டார். மண் சத்து போனது, லண்டன் வியாபாரிகளிடம் கடன் ஏறியது, 1760களில் கோதுமைக்கு மாறினார். கோதுமையை அப்படியே விற்பதைவிட அரைத்து விற்றால் காசு என்று 1771 வாக்கில் இந்த மில் தயாரானது. உள்ளே இரண்டு ஜோடிக் கல். அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் தானியத்தை அரைக்க ஒன்று. அதற்குக் கூலி பணமில்லை, எட்டில் ஒரு பங்கு தானியம். இன்னொன்று ஏற்றுமதி மாவுக்கு, பிரான்சிலிருந்து வந்த கல். அதில் அரைத்த மாவு மேற்கிந்தியத் தீவுகள் வரைக்கும் போயிருக்கிறது.

பழங்கால உடையில் இருந்த மில்காரர் மதகைத் திறந்தார். சில நொடி ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு தரைக்கு அடியில் என்னவோ முனகியது, மரப்பற்கள் ஒன்றையொன்று கவ்வ ஆரம்பித்தன, காலுக்கடியில் பலகை அதிர்ந்தது. சக்கரம் சாவகாசமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் பல்சக்கரங்கள் வழியாக அந்த வேகம் பெருகி மேலே வரும்போது கல் விறுவிறுவென்று ஓடுகிறது. அடிக்கல் அசையாது, மேற்கல் மட்டும்தான் சுற்றும், இரண்டும் தொட்டுக்கொள்ளவே கூடாது. நடுவில் தாள் அளவு இடைவெளிதான். தொட்டால் கல்லும் போச்சு, மாவும் போச்சு, பொறி பறந்தால் காற்றில் மிதக்கும் மாவுத்தூசியே தீப்பிடித்துக் கட்டிடமும் போச்சு. கல்லில் வெட்டியிருக்கும் வரிகள் மழுங்கினால், அம்மி கொத்துவது போலவே உளியை வைத்துக் கொத்த வேண்டும். தானியத்தைக் கல்லின் கண்ணுக்குள் தட்டித் தட்டி விழவைக்கும் தண்டுக்கு டாம்சல், அதாவது இளம்பெண், என்று பெயர். ஓயாமல் சத்தம் போடுமாம். யார் வைத்த பெயர் என்று சொல்லவும் வேண்டுமா!

என்னை அதிக நேரம் நிற்கவைத்தது மாடிதான். ஆலிவர் எவன்ஸ் என்ற டெலவேர்க்காரர், தோல் பட்டையில் சின்னச் சின்ன வாளிகளைக் கோத்துத் தானியத்தைத் தானாக மேலே ஏற்றும் ஏற்பாட்டைக் கண்டுபிடித்தார். 1790இல் அவருக்குக் கிடைத்தது அமெரிக்காவின் மூன்றாவது காப்புரிமை. அதில் ஜனாதிபதியாகக் கையெழுத்துப் போட்டவரே அடுத்த வருஷம் அதைத் தன் மில்லில் மாட்டிக்கொண்டார். அரைத்த மாவு சூடாகவும் ஈரமாகவும் வரும், அப்படியே பீப்பாயில் அடைத்தால் கெட்டுவிடும். அதுவரை ஒரு பையன் மாடியில் நின்று வாரியை வைத்துப் பரப்பி ஆற்றிக்கொண்டிருந்தான். எவன்ஸ் அதற்கும் ஒரு சுழலும் வாரி செய்தார். அந்தக் கருவிக்கு 'ஹாப்பர் பாய்' என்றே பெயர். பையனின் வேலையைப் பிடுங்கிக்கொண்டு பெயரையும் எடுத்துக்கொண்டது.

196 பவுண்டு மாவு பிடிக்கும் அந்தப் பீப்பாய்களைச் செய்தவர்கள் அடிமைகள். 1799இல் மவுண்ட் வெர்னன் முழுவதிலும் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். கையால் தொடாமல் அரைபடும் மாவு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது இதையும் சேர்த்தேதான் கேட்க வேண்டியிருக்கிறது. பக்கத்திலேயே சாராய ஆலை வேறு. 1797இல் ஸ்காட்லாந்துக்காரரான மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் யோசனை சொல்லி ஆரம்பித்து, 1799இல் மட்டும் கிட்டத்தட்ட 11,000 கேலன் விஸ்கி எடுத்திருக்கிறார்கள்.

நாங்கள் பார்த்தது வாஷிங்டன் கட்டிய அதே சுவர்கள் இல்லை. அந்தக் கட்டிடம் 19ஆம் நூற்றாண்டிலேயே இடிந்துபோனது, வர்ஜீனியா அரசு 1930களில் அதே இடத்தில் திரும்பக் கட்டியது. இது தெரிந்ததும் கூட வந்தவருக்கு ஆர்வம் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு அப்படி இல்லை, ஓடாத நிஜ மில்லைவிட ஓடுகிற நகல் மேல்.

மில்காரர் சரிவில் வழிந்த மாவைக் கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் ஒரு திருகாணியை இம்மி அளவு திருப்பினார், மறுபடி தேய்த்தார். நானும் கையை நீட்டினேன். மாவு வெதுவெதுப்பாக இருந்தது.