டச் டவுன் இல்லாமல் ஏழு

2022 செப்டம்பர் 3. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால். கின்னிக் மைதானத்தில் சவுத் டகோட்டா ஸ்டேட்டை எங்கள் அயோவா பல்கலைக்கழக அணி 7–3 என்று வென்றது. ஏழு என்றால், பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் ஒரு டச் டவுனுக்கு ஆறு, கூடவே ஒரு எக்ஸ்ட்ரா பாயிண்ட் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஒரு ஃபீல்டு கோலுக்கு மூன்று. பந்தோடு இருந்த எதிரணியை அதன் எண்ட் ஸோனுக்குள்ளேயே, அதாவது மைதானத்தில் அதன் கடைசிப் பகுதியிலேயே, மடக்கிய இரண்டு சேஃப்டிக்கு நான்கு. நம் தாக்குதல் ஆட்டக்காரர்கள் வருவார்கள், முட்டுவார்கள், திரும்புவார்கள். அப்புறம் ஆஸ்திரேலியக்காரர் டோரி டெய்லர் வந்து, பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் ‘பன்ட்’ உதையாக வானத்துக்கு உதைப்பார். சோபாவில் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததே அப்போதுதான். அப்போதைய தாக்குதல் பயிற்சியாளர் பிரையன், தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரென்ட்ஸின் மகன். ஊர் வாயை மூட முடியுமா?

சரி, அடுத்த வாரம் தேறுவார்கள் என்று பார்த்தால், அயோவா ஸ்டேட்டிடம் 10–7 தோல்வி. அதில் நமக்கு வந்த ஒரே டச் டவுனும் எதிரணியின் பன்ட்டைத் தடுத்ததால் கிடைத்தது.