பின்தொடர் ஆய்வில் விடுபட்டவர்கள் கணக்கு

மனச்சோர்வு ஆய்வில் ஆறாம் மாத அளவீட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, யார் வரவில்லை என்பதே முடிவைப் புரட்டிப்போடும். 200 பேரைச் சேர்த்ததாக வைத்துக்கொள்வோம். 140 பேர் வந்து, அதில் 84 பேர் தேறியிருந்தால் 60 சதவீதம் என்று எழுதத் தோன்றும். வராத 60 பேரில் 12 பேர்தான் தேறியிருக்கிறார்கள் என்றால் உண்மையான விகிதம் 48 சதவீதம்.

இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கக் காரணம், நாம் எதை அளக்கிறோமோ அதுவே ஆளை விலக்கிவிடும். சோர்வு முற்றியவருக்குப் போனை எடுக்கவே மனம் வராது. நன்றாகத் தேறியவரோ பழையதைக் கிளற விரும்பாமல் ஒதுங்குவார். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்பி உட்கார முடியாது.

வேலை சேர்க்கை நாளிலேயே தொடங்குகிறது. ஒப்புதல் படிவத்தில் மாற்றுத் தொடர்புக்கு இரண்டு பேரைக் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் இது மனநல ஆய்வு என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்ற வசனத்தை அழைப்பவருக்கு எழுதியே கொடுத்துவிடுவது நல்லது. சிகிச்சையை நிறுத்துவது, கேள்விகளை மறுப்பது, கொடுத்த தகவலைத் திரும்பப் பெறுவது மூன்றும் வேறுவேறு. ஒரே கட்டத்தில் "விலகினார்" என்று டிக் அடித்தால், சிகிச்சையை மட்டும் விட்டவரையும் சேர்த்து இழப்போம்.

அழைப்புப் பதிவேட்டில் தேதி, நேரம், எடுத்தவர் யார், சொன்ன காரணம் எல்லாம் அன்றன்றைக்கே ஏற வேண்டும். "தொடர்பு கிடைக்கவில்லை" என்பது குப்பைத்தொட்டி. எண் மாறியவரும் மருத்துவமனையில் சேர்ந்தவரும் அதற்குள் ஒன்றாகிவிடுவார்கள். முழு நேர்காணலுக்கு மறுப்பவரிடம் முதன்மை அளவுகோலை மட்டுமாவது போனில் கேளுங்கள். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஹெச்க்யூ-9 சில நிமிடங்களில் முடியும். அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் யாரை உடனே அழைப்பது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எத்தனை முறை அழைக்கலாம் என்ற வரம்பையும் நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் தொல்லைதான்.

பகுப்பாய்வில் விடுபட்டவரின் கடைசி மதிப்பெண்ணையே இழுத்து நிரப்பும் பழக்கம் இன்னும் சாகவில்லை. அது அந்த நாளோடு நோய் உறைந்துவிட்டதாகக் கருதுகிறது. விடுபட்ட மதிப்பைப் பலமுறை கணித்து நிரப்பி முடிவுகளை ஒன்றுசேர்க்கும் பல்முறை நிரப்புதலில், இடைக்கால மதிப்பெண்களோடு விடுபடலை முன்கூட்டிக் காட்டும் மாறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்தவர், வராதவர் இருவரின் தொடக்க மதிப்பெண்ணும் ஒன்றாக இருப்பது ஆறுதல் தரலாம், ஆனால் பின்னால் நடந்ததை அது சொல்லாது. ஆகவே வராதவர்களின் நிலை இன்னும் மோசம் என்று வைத்து, நிரப்பிய மதிப்புகளோடு 1, 2, 3 புள்ளிகள் என்று கூட்டிக்கொண்டே போய், எந்தப் புள்ளியில் முடிவு கவிழ்கிறது என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.