கேம்கள் எங்கே எளிதாகிவிட்டன: ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 2, 2025

இந்தக் காலத்து கேம்கள் ரொம்ப ஈஸி என்ற புலம்பல் மறுபடியும் காதில் விழுந்தது. இதில் எனக்கு நெடுநாளாக ஓர் அபிப்பிராயம் உண்டு. விளையாடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் பழைய கடுமை. அதில் பாதி வியாபாரம். ஆர்கேட் இயந்திரத்தில் காசு போட்டவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். 1985-இல் வந்த ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ விளையாடியவர்களுக்குத் தெரியும்: முதல் அடியில் கவசம் கழன்று உள்ளாடையோடு நிற்க வேண்டும், அடுத்த அடியில் வெறும் எலும்புதான். அத்தனையும் தாண்டி முடித்தால், நீ ஜெயித்தது மாயை, முதலிலிருந்து வா என்று திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்கு கேம் வந்த பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. 1994-இன் ‘தி லயன் கிங்’ கேமை, வாடகைக்கு எடுப்பவர்கள் சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்பதற்காகவே கடினமாக்கினார்கள் என்று அதை உருவாக்கியவர்கள் பின்னாளில் சொன்னார்கள். இந்தக் கடுமைக்காக நான் ஏங்கவில்லை.

நான் மதிக்கும் பழைய கடுமை ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ மாதிரி. 1978. எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். திரையில் வரைய வேண்டியது குறைந்ததால் இயந்திரம் தானாகவே வேகமாக ஓடியது. உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். ஆட்டம் தன் இயல்பிலேயே இறுகுகிறது, யாரையும் ஏய்க்கவில்லை.

நவம்பர் 4

இந்தக் காலத்து மலையேறும் கேம் ‘செலஸ்டே’யில் உச்சிக்கு முந்தைய கட்டம். விழுந்த மறுநொடி அதே திரையின் தொடக்கத்தில் நிற்கிறேன். பழைய சுடும் கேமான ‘கான்ட்ரா’வில் ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர், இருப்பதே மூன்று, தீர்ந்தால் கன்டின்யூவில் (தோற்ற பிறகு தொடரும் வாய்ப்பில்) கை வைக்க வேண்டும். அதனால்தான் முப்பது உயிர் தரும் அந்தச் சீட் கோடு (ரகசியப் பொத்தான் வரிசை) இன்னும் எல்லாருக்கும் மனப்பாடம். ‘கான்ட்ரா’வுக்கு முன்பே பிறந்த அந்தக் கோடே ஒரு சாட்சி: 1986-இல் ‘கிரேடியஸ்’ கேமை வீட்டுக் கன்சோலுக்கு மாற்றிய கசுஹிசா ஹாஷிமோட்டோ, தன்னாலேயே விளையாட முடியவில்லை என்று சோதிப்பதற்காகப் போட்டுக்கொண்டது அது. செய்தவருக்கே முடியாத ஒன்றைத்தான் நாம் பொற்காலம் என்கிறோம்.

விரலுக்கு வரும் வேலையைப் பார்த்தால் ‘செலஸ்டே’யின் கடைசி அத்தியாயங்கள் ‘கான்ட்ரா’வைவிடக் கடினம். காற்றில் பாய்வது, சுவரைப் பிடிப்பது, நடுவில் படிகத்தைத் தொட்டு மறுபடி பாய்வது, இதெல்லாம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். குறைந்தது தோல்விக்கான அபராதம் மட்டும்தான். பத்து நிமிடம் பழைய பாதையிலேயே திரும்ப நடப்பது திறமை அல்ல, பொறுமைக்கான தண்டனை. அது போனது நல்லது.

நவம்பர் 8

தம்பி புதிதாக வாங்கிய ஒரு பெரிய சாகச கேமைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடிந்த மண்டபம், நடுவில் தண்ணீர்ச் சக்கரம், எதிரே பூட்டிய கதவு. அழகான புதிர். அவன் கேமராவைத் திருப்பி மேலே பார்ப்பதற்குள், கூட வரும் பாத்திரம் வாயைத் திறந்துவிட்டது: அந்தச் சங்கிலியை அறுத்தால் என்ன?

“பாத்தியாக்கா, நான் யோசிக்கவே இல்ல, அதுக்குள்ள சொல்லிடுச்சு.”

“ஆப்ஷன்ல அணைக்க முடியாதா?”

“தேடிட்டேன், இல்ல.”

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சண்டையில் அந்த கேம் அவனை நன்றாகவே வாட்டுகிறது. ஆனால் பார்ப்பதையும் யோசிப்பதையும் அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. ஏற வேண்டிய விளிம்பில் வெள்ளைத் தீற்றல், உடைக்க வேண்டிய பெட்டியில் மஞ்சள் பெயின்ட். 2023-இல் புதுப்பித்து வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ வந்தபோதே இந்த மஞ்சளைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. காரணம் புரிகிறது: காட்சி நுணுக்கமாக ஆக ஆக, எது வெறும் அலங்காரம், எது தொடக்கூடியது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய கேமில் பெட்டி என்றால் அறையிலேயே அது ஒன்றுதான் இருக்கும். ஆனாலும் ஒளி, வடிவம், கேமரா நிற்கும் கோணம் இவற்றால் கண்ணை இழுக்க எத்தனையோ வழி இருக்கிறது. பெயின்ட் அடிப்பது அந்த உழைப்பைத் தவிர்க்கும் வழி.

நவம்பர் 9

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘செலஸ்டே’யின் அசிஸ்ட் மோடில் வேகத்தைக் குறைக்கலாம், அடிபடாமலே போகலாம். 2020-இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. கை ஒத்துழைக்காதவரும் கண் தெரியாதவரும் விளையாட வழி செய்பவை இவை. இதைப் போய் ‘கேம் கெட்டுப்போச்சு’ என்பவர்களோடு எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. நான் குறை சொல்வது, எல்லார் மேலும் கேட்காமலே திணிக்கப்படும் உதவியை.

நவம்பர் 14

‘மாரோவிண்ட்’, 2002-இல் வந்த கற்பனை உலக கேம். போக வேண்டிய இடத்தைக் காட்டும் மார்க்கர் கிடையாது. பால்மோரா ஊரில் ஒருவர் ஒரு புதிர்ப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறார். எப்படிப் போவது என்பதை வாயால்தான் சொல்வார்: ஊருக்குத் தெற்கே இறங்கு, கோட்டையைத் தாண்டு, பள்ளத்தாக்கின் மேலே பழைய பாலம் வரும். ஜர்னலைத் திறந்து படிக்கிறேன், நடக்கிறேன், மறுபடி படிக்கிறேன். பாலத்தைத் தாண்டினால் பித்தளை நிறக் குவிமாடம் ஒன்று, ஆனால் கதவு இல்லை. சுற்றிச் சுற்றி வந்த பிறகுதான் பாறையோரம் ஒரு குழாயில் திருகு இருப்பது தெரிந்தது. திருகினால் குவிமாடம் விலகுகிறது.

உள்ளே போய்த் தேட வேண்டியது எவ்வளவு பெரியது என்கிறீர்கள்? ஒரு சின்னக் கனசதுரம். அலமாரித் தட்டில் மற்ற சாமான்களோடு சாமானாகக் கிடக்கிறது. எத்தனையோ பேர் இந்த இடத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டையில் இந்த கேம் அப்படியொன்றும் கடினமில்லை, கொஞ்சம் மந்தம்கூட. ஆனால் அந்தப் பாலம், அந்தப் பள்ளம், சாம்பல் நிறக் காற்று எல்லாம் எனக்குத் தெரிந்த இடங்களாகிவிட்டன. 2006-இல் இதன் அடுத்த பாகமான ‘ஒப்ளிவியன்’ திசைகாட்டியில் அம்புக்குறியைப் போட்டது. அதன் பிறகு நான் அம்பைப் பார்த்துத்தான் நடந்தேன், ஊரைப் பார்க்கவில்லை.

நவம்பர் 16

இப்போதும் கடினமான கேம் விற்காமலில்லை. ‘எல்டன் ரிங்’ 2022-இல் வெளியான ஒரு மாதத்துக்குள்ளேயே ஒரு கோடிக்கு மேல் விற்றது. குவெஸ்ட் (செய்து முடிக்க வேண்டிய வேலைகள்) பட்டியலே இல்லாத கேம் அது. அதே சமயம் பல பாஸ்களின் (பெரிய எதிரிகளின்) வாசலிலேயே மறுபடி எழுந்து நிற்க ஒரு கல் வைத்திருக்கிறார்கள். அபராதத்தைக் குறைத்துவிட்டு, தேடலை நம்மிடமே விட்டார்கள். எனக்குப் பிடித்த கலவை இதுதான்.

இன்னும் ஒரு படி மேலே ‘அவுட்டர் வைல்ட்ஸ்’, 2019. இருபத்திரண்டு நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வாளும் கிடையாது, பவர் ஏறுவதும் கிடையாது. போன சுற்றில் தெரிந்துகொண்டது மட்டும்தான் அடுத்த சுற்றுக்கு உதவும். தம்பிக்கு இதைத்தான் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், மார்க்கரை அணைத்துவிட்டு விளையாடேன் என்று சொல்பவர்களுக்கு: எல்லா கேமிலும் அது நடக்காது. ‘மாரோவிண்ட்’ வரிசையில் பிறகு வந்த ‘ஸ்கைரிம்’மில் அணைத்துப் பார்த்தால், வேலை சொல்பவர் பல சமயம் பொருளின் பெயரைச் சொல்வாரே தவிர வழி சொல்ல மாட்டார், ஏனென்றால் அம்புக்குறி இருக்கும் தைரியத்தில் எழுதப்பட்ட வசனம் அது. 2018-இன் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிஸி’ இதைப் புரிந்துகொண்டு எக்ஸ்ப்ளோரேஷன் மோடு என்று தனியாக வைத்தது: இந்தப் பகுதி, இந்த ஊருக்குத் தெற்கே என்று துப்பு மட்டும் கொடுத்து, இடத்தை நாமே கண்டுபிடிக்க விடும். வேண்டாதவருக்கு மார்க்கர் மோடும் இருந்தது. இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதுவதற்குக் கூடுதல் வசனமும் கூடுதல் சோதனையும் தேவை, செலவுதான். அந்தச் செலவைச் செய்யச் சொல்லித்தான் கேட்கிறேன்.