நாலு பேர் பதுங்கினால்

நவம்பர் 8, சனி

மஞ்சக்குப்பத்தில் விடிந்ததிலிருந்து மழை. வெளியே போக வழியில்லாமல் பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டை மறுபடி திறந்தேன். 2023-இல் வந்தபோது எதிர்ப்பட்டவனையெல்லாம் வெட்டிச் சாய்த்து அவசரமாக முடித்தது. இந்த முறை பதுங்கியே போவது என்று ஒரு வீம்பு.

கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்களின் தலைவன் ட்ரோர் ராக்ஸ்லின் அமர்ந்திருக்கும் கூடம் வரை வந்தாயிற்று. என் குழுவின் நால்வரையும் பதுங்கச் சொல்லி வரிசையாக நடத்தினேன். பத்தடிகூடப் போயிருக்க மாட்டோம், அகப்பட்டுக்கொண்டோம். காரணம் முன்னால் போன திருடன் அஸ்டாரியன் அல்ல. கடைசியில் தகட்டுக் கவசத்தோடு வந்த போர்வீராங்கனை லெய்ஸெல். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே திருடன் முன்னே போகிறான், மணியோசை பின்னாலேயே வருகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று ஐந்து முறை போனேன், ஐந்து முறையும் மாட்டினேன். எரிச்சலில் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். எதிரியின் பார்வை தரையில் சிவப்பு வீச்சாகத் தெரியும். மங்கலான இடத்தில் அதற்குள் கால் வைத்தால் தப்பினோமா மாட்டினோமா என்று முடிவு செய்ய இருபது முகப் பகடை உருளும், அவரவருக்குத் தனித்தனியாக. ஒருவர் தப்ப 80 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், நால்வரும் தப்ப 41தான். லெய்ஸெலின் கவசத்துக்கு இரண்டு முறை உருட்டி, மோசமான எண்ணை எடுக்க வேண்டும். அவளுக்கு 64, கூட்டத்துக்கு 33.

1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் ஆறு பேரை அழைத்துப் போகலாம். அதை ஏன் நாலாகக் குறைத்தார்கள் என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். ஆறு பேருக்கு இதே கணக்கைப் போட்டால், கவசத்தை விட்டுவிட்டால்கூட, 26 வருகிறது. புலம்பலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இரவு மின்சாரம் இல்லை. இருட்டில் பூனைபோல் சமையலறைக்குப் போனேன். முறுக்கு டப்பாவின் மூடி காட்டிக்கொடுத்துவிட்டது. அம்மாவுக்குப் பகடையெல்லாம் தேவையில்லை.

நவம்பர் 13, வியாழன்

நால்வரில் ஒருத்தியான ஷேடோஹார்ட்டிடம் 'பாஸ் வித்தவுட் டிரேஸ்' மந்திரம் இருப்பதை இத்தனை நாள் மறந்திருக்கிறேன். அருகில் இருப்பவர்களின் பதுங்கல் பகடைக்கு 10 கூடுகிறது. இருபது முகப் பகடையில் பத்து என்பது கொள்ளை. லெய்ஸெல்கூடத் தப்பினாள்! ஆனால் தீப்பந்த வெளிச்சத்துக்கு வந்ததும் எல்லாம் வீண். வெளிச்சத்தில் சிவப்பு வீச்சுக்குள் நுழைந்தால் பகடையே உருளாது, பார்த்துவிடுவான். உருளாத பகடையோடு பத்தைக் கூட்டி என்ன செய்ய?

நவம்பர் 15, சனி

புதுச்சேரியிலிருந்து அக்காவும் அவள் மகளும் வந்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்காரி அரைமணி நேரம் என் திண்டாட்டத்தைப் பார்த்துவிட்டு, "நாலு பேரும் எதற்குப் போகிறார்கள் மாமா?" என்றாள்.

அஸ்டாரியன் தனியாகப் போனால் செத்துவிடுவான் என்றேன். அவள் மவுஸை வாங்கிக்கொண்டாள்.

குழுவைப் பிரித்து மூவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாள். அஸ்டாரியனை மட்டும் கூடத்தின் மேல் உத்திரத்துக்கு ஏற்றினாள். அங்கிருந்து மறைந்தபடி ஓர் அம்பு. திடுக்கிட்ட கோப்ளின்களுக்கு முதல் சுற்றே போயிற்று. எனக்குத் தெரியாத சங்கதி அடுத்து வந்தது. சண்டை அதில் சிக்கியவர்களை மட்டுமே முறை வைத்துக் கட்டிப்போடுகிறது. வெளியே நிற்கும் மூவருக்கு அந்தக் கட்டு கிடையாது. உள்ளே எல்லோரும் தங்கள் முறைக்காகச் சிலையாக நிற்க, அவள் நிதானமாக லெய்ஸெலை நடத்திவந்து தூண் மறைவில், ராக்ஸ்லினின் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். ஒரு வாரமாக என்னைக் காட்டிக்கொடுத்த அதே கவசக்காரிதான் அவனை முடித்தாள்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்கள் கேட்கவில்லையே."

எழுந்து சமையலறைக்குப் போனவள் ஒரு கை முறுக்கோடு திரும்பினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை.