ஓய்வூதியத்தைத் தொடாமல் ஒரு காபிக் கடை

இராணுவத்தில் படைகளுக்கு உணவும் எரிபொருளும் வழங்கும் ஏ.எஸ்.சி. பிரிவில் 24 ஆண்டுகள் பணியாற்றி, 2022-ஆம் ஆண்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். இப்போது வேலூரில், சிஎம்சி மருத்துவமனையை ஒட்டி விடுதிகள் நெருங்கி நிற்கும் சந்து ஒன்றில் காபிக் கடை நடத்துகிறேன். ஓய்வு பெறவிருக்கும் இளையவர்கள் அடிக்கடி தொலைபேசியில் அழைத்து, எவ்வளவு பணம் வேண்டும், என்னென்ன உரிமம் வாங்க வேண்டும், வங்கி கடன் தருமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட நடந்ததை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

பணத்திலிருந்தே தொடங்குகிறேன். படைவீரர்கள் தங்கள் ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை கம்யூட்டேஷன் செய்து மொத்தத் தொகையாக முன்கூட்டியே பெற்றுக்கொள்ளலாம். ஆனால் அப்படி விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டுகள் கழிந்த பிறகே மாத ஓய்வூதியத்தில் மீண்டும் சேரும். இதனுடன் பணிக்கொடை, சேமநிதி, காப்பீட்டுத் தொகை எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கைக்கு வருகின்றன. பெரும்பாலான ஜவான்கள் வாழ்நாளில் அவ்வளவு பெரிய தொகையைப் பார்ப்பது அதுவே முதல் முறை. மோப்பம் பிடித்ததுபோல மனைத் தரகர்களும், மாதாமாதம் அதிக வட்டி தருவதாக ஆசை காட்டும் ஆட்களும் வீடு தேடி வந்துவிடுவார்கள். நானும் என் மனைவியும் முன்பே பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். மாத ஓய்வூதியம் முழுவதும் வீட்டுச் செலவுக்கு. அதில் ஒரு ரூபாய்கூடக் கடைக்குப் போகாது. மொத்தத் தொகையில் வீட்டுக் கடனை அடைத்து, மகளின் கல்லூரிப் படிப்புக்கு ஒதுக்கிய பிறகு மீதி இருப்பது மட்டுமே கடைக்கு. முதல் ஆண்டில் கடையிலிருந்து வீட்டுக்கும் எதுவும் வராது. புதிதாக உணவுக் கடை வைக்கும் மற்றவர்கள் முதல் மாதத்திலிருந்தே கல்லாவில் கைவைத்துக் குடும்பம் நடத்த வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த நெருக்கடி கிடையாது. முன்னாள் படைவீரன் தொழில் தொடங்குவதில் உள்ள உண்மையான பலம் இதுதான் என்பது என் கருத்து. ஒழுக்கம், நேரந்தவறாமை என்று மேடைகளில் சொல்கிறார்கள். காலை நான்கு மணிக்கே எழுந்து பாய்லரைப் பற்றவைக்கும் டீக்கடைக்காரர் யாரும் பட்டாளத்துக்குப் போய் அதைக் கற்றுக்கொண்டு வரவில்லை.

ஓய்வுக்கு முன்பு மறுவாழ்வுப் பயிற்சிகளுக்கு, பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககமான டி.ஜி.ஆர். வழியாக விண்ணப்பிக்கலாம். அவை பயனுள்ளவைதான். எனினும் என்னுடன் ஓய்வு பெற்றவர்களில் பலரும் கடைசியில் வங்கி வாசலிலோ அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலிலோ காவல் பணிக்குத்தான் போனார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நான் பணிக்காலம் முழுவதும் சப்ளை டிப்போவில் பால் மாவு, சர்க்கரை, தேயிலை, எரிபொருள் இவற்றின் இருப்பைக் கணக்கெழுதியவன்; எந்தப் பொருள் எத்தனை நாளில் கெடும், எவ்வளவு குறைந்தால் அடுத்த இண்டென்ட், அதாவது சரக்குக் கோரிக்கை, போட வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போன விஷயம். காபிக் கடை என்பது பெரும்பாலும் அந்தக் கணக்குதான் என்று நினைத்தே இதில் இறங்கினேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்து அடையாள அட்டை பெற்றேன். இதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் பின்னால் எந்தச் சலுகைக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். அடுத்து மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், அதாவது பி.எம்.இ.ஜி.பி.யில், விண்ணப்பித்தேன். இத்திட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். அதனால் திட்ட மதிப்பில் நாம் போட வேண்டிய சொந்தப் பணம் 5 சதவீதம். மானியம் நகர்ப்புறத்தில் 25 சதவீதம், ஊரகத்தில் 35 சதவீதம். வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் கடை வைப்பதால் எனக்கு 25. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரமாக வைத்தால் 10 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு நண்பர் ஆலோசனை சொன்னார். மானியத்துக்காக வாடிக்கையாளர் இல்லாத இடத்தில் போய் உட்கார எனக்கு மனமில்லை.

இத்திட்டத்தில் இரண்டு செய்திகளைப் பலரும் தாமதமாகவே தெரிந்துகொள்கிறார்கள். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தொழிலுக்கு இக்கடன் கிடையாது, புதிய தொழிலுக்கு மட்டுமே. ஆகவே இடத்தைப் பிடித்து வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாலும், கடன் ஒப்புதல் வரும்வரை கடையைத் திறக்காமல் ஷட்டரை மூடியே வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களின் வாடகையையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும். இரண்டாவது, மானியம் நம் கைக்கு வராது. அது வங்கியில் நம் பெயரில் தனி வைப்பாக 3 ஆண்டுகள் கிடக்கும். அதற்கு வட்டி கிடையாது, அதற்கு ஈடான கடன் பகுதிக்கும் வட்டி போடமாட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துத் தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகே அதைக் கடனில் வரவு வைப்பார்கள்.

வங்கியில்தான் இழுபறி. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லித் தேநீர்கூட வரவழைத்தார். ஆனால் கோப்பை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்? உங்க பென்ஷன் எங்க பிராஞ்சுக்குத்தானே வருது, அதன் மேலயே பெர்சனல் லோன் போட்டுக்கொடுத்துடறேன், நாளைக்கே பணம் வந்துடும்" என்றார். அவருக்கு அது எளிது. தவணை ஓய்வூதியத்திலிருந்து தானாகவே பிடித்தமாகிவிடும், வராக்கடன் ஆகும் கவலை இல்லை. எங்கள் ஏற்பாட்டின் அடிப்படையே அதோடு சரிந்துவிடும் என்பதால் நான் உடன்படவில்லை. கடை படுத்துவிட்டாலும் வீட்டில் அரிசி வேக வேண்டும். பி.எம்.இ.ஜி.பி.யில் 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பதைப் பணிவாக நினைவூட்டி, அதை எழுத்திலும் கொடுத்தேன். மறுப்பதாக இருந்தால் காரணத்தையும் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு கோப்பு நகர்ந்தது. எழுதிக்கொடுப்பதற்கு நம் ஆட்கள் ஏனோ தயங்குகிறார்கள். இருபது ஆண்டுகள் மேலதிகாரியிடம் "ஜீ சாப்" என்றே சொல்லிப் பழகியதால் இருக்கலாம்.

உரிமங்களைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். மாநகராட்சியில் தொழில் உரிமமும், மின்வாரியத்தில் வணிகக் கட்டணத்துக்கு மாற்றிய இணைப்பும் வேண்டும். நான் விண்ணப்பித்த 2023-இல் உணவுப் பாதுகாப்புத் துறையின் விதிப்படி, ஆண்டு விற்பனை 12 இலட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு மட்டும் செய்தால் போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் போனால் 2,000 ரூபாய் கட்டி மாநில உரிமம் பெற வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு 250 டம்ளர், ஒரு டம்ளர் 20 ரூபாய் என்று வைத்தாலே ஆண்டுக்கு 18 இலட்சம் வந்துவிடுகிறது. ஆகவே தொடக்கத்திலேயே உரிமமாக வாங்கிவிட்டேன். ஜிஎஸ்டி 20 இலட்சத்தைத் தாண்டும்போதுதான்.

காபிக்கு வருகிறேன். தூளை நாங்கள் வறுப்பதில்லை. பச்சைக் கொட்டை வாங்கி வறுக்கும் சிறு கடை ஒன்றில் எங்கள் அளவுப்படி அரைத்து வாங்குகிறோம். பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்ற இரண்டு கொட்டை வகைகளும் சரிபாதி, மொத்தத்தில் சிக்கரி 20 சதவீதம். சிக்கரியை இழிவாகப் பேசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. அளவோடு சேர்த்தால் டிகாஷனுக்கு நிறமும் கனமும் கொடுப்பது அதுதான். அது இல்லாமல் பாலில் கலந்தால் நம்மூர் நாக்குக்குக் காபி வெளிறித் தெரியும். ஆனால் கடைகளில் 40 சதவீதத்துக்கும் மேல் போட்டுத் தள்ளுகிறார்கள். சட்டப்படியே கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம் என்பதால் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பித்தளை ஃபில்டரில் தூளைப் போட்டு, மேல்தட்டை வைத்து அழுத்தும் அழுத்தத்தில்தான் பாதிச் சுவை இருக்கிறது. அதிகமாக அழுத்தினால் வெந்நீர் இறங்காமல் நின்று, சொட்டுச் சொட்டாக வருவதற்குள் ஆறிப்போகும். லேசாக விட்டால் தண்ணீர் ஓட்டமாக ஓடி, மணமில்லாத பழுப்பு நீர்தான் கிடைக்கும். எங்கள் மாஸ்டர் தட்டை விரல் நுனியால் ஒருமுறை தட்டிப் பார்த்து, முதலில் ஒரு கரண்டி வெந்நீரை மட்டும் ஊற்றித் தூள் உப்பும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் மீதியை வட்டமாக ஊற்றுவார். நான் எத்தனை நாள் பக்கத்தில் நின்று பார்த்தாலும் அவர் கைக்கு வருவது எனக்கு வருவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்ற டிகாஷனைக் கீழே கொட்டிவிட வேண்டும் என்பது மட்டும் நான் போட்ட உத்தரவு. "வீணாப் போகுதேண்ணா, சுடவெச்சு ஓட்டிரலாம்" என்று அவர் ஆரம்பத்தில் முணுமுணுத்தார். இருப்புக் கணக்கு இங்கேதான் கைகொடுத்தது: எந்த மணிக்கு எத்தனை டம்ளர் போகிறது என்று நோட்டில் குறித்துவந்ததால், இப்போது அந்தந்த நேரத்துக்குத் தேவையான அளவே டிகாஷன் இறக்குகிறோம், கொட்டுவதற்குப் பெரிதாக மிஞ்சுவதில்லை.

இடத்தைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு இருந்தது. சிஎம்சிக்கு மேற்கு வங்கம், ஜார்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து நோயாளிகள் குடும்பத்தோடு வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். எனக்கு இந்தி சரளம். மேற்கு வங்கத்தின் பின்னாகுரி முகாமில் இருந்தபோது கொஞ்சம் வங்காளமும் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர்கள் தேநீர் மக்கள். "தாதா, லால் சா ஹோபே?" (அண்ணா, பால் சேர்க்காத டீ கிடைக்குமா?) என்று கேட்டு, காபி மட்டுமே இருக்கிறது என்றால் திரும்பிப் போனார்கள். காபிக் கடை என்று பெயர்ப் பலகை வைத்துவிட்டு டீ விற்பது எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத்தான் இருந்தது. ஆயினும் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டடம், எந்த வரிசை என்று விசாரிக்கும் மனிதரிடம் காபியின் மகிமையைப் பேச முடியாது. இஞ்சி தட்டிப் போட்ட கறுப்புத் தேநீர் ஒரு பக்கம் தனி அடுப்பில் கொதிக்கத் தொடங்கியது. பகல் நேர விற்பனையில் பெரும்பகுதி இன்று அதுதான். விடியற்காலைக் கூட்டமும் மாலையில் வரும் மருத்துவமனை ஊழியர்களும்தான் காபிக்கு.

விலைக் கணக்கில் பாலும் தூளும்தான் நம்மைப் படுத்தும். நாங்கள் வாங்கும் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட் 2022 நவம்பரில் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாயாக உயர்ந்தது. 100 மில்லி பால் 6 ரூபாய். தூள் கிலோ 600 ரூபாய் என்றால் 10 கிராமுக்கு 6 ரூபாய். சர்க்கரை, எரிவாயு, வாடகை, கூலி எல்லாம் இதற்கு மேல். பிறகு பிரேசிலிலும் வியட்நாமிலும் மழை பொய்த்து, 2024-இல் உலகச் சந்தையில் கொட்டை விலை ஏறியபோது நம்மூர் அரைவைக் கடையிலும் விலை மாதாமாதம் ஏறியது. சிக்கரியைக் கூட்டிச் சமாளிக்கும்படி பலர் சொன்னார்கள். கலவையை மாற்றாமல் டம்ளருக்கு 3 ரூபாய் ஏற்றினேன். சிலர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். அவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். விற்பனை குறைந்த அந்த மாதங்களில் வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஏனெனில் ஓய்வூதியம் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது.

இனித் தொடங்குபவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 15 அன்று தமிழக அரசு 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை அறிவித்தது. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம் என்பது அதன் அமைப்பு. நல அலுவலகத்திலேயே விவரம் சொல்வார்கள். எது தோதானது என்று இதையும் பி.எம்.இ.ஜி.பி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். யாராவது ஒரு கோடி தருகிறார்களே என்பதற்காக ஒரு கோடிக்குத் திட்டம் போட வேண்டியதில்லை. என் கடைக்கு ஆன மொத்தச் செலவு 10 இலட்சத்துக்குள் அடங்கிவிட்டது, அதிலும் பெரும்பகுதி பாய்லருக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் கடையின் முகப்புக்கும் போனது.